இவன் யாரும்மா?

மார்ச் 2, ஞாயிறு

இந்த வாரத்துப் பெரிய படத்தைப் பார்த்தாயிற்று. பெயரைச் சொன்னால் நாளைக்குள் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். கதாநாயகன் கதவைத் திறந்தால் பிஜிஎம், மூடினால் பிஜிஎம், சட்டைக் கையை மடித்துவிட்டால் அதற்குத் தனியாக ஒரு பிஜிஎம். இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஒரு செருப்புச் சத்தமோ ஒரு பெருமூச்சோ காதில் விழவில்லை. இடைவேளைக்கு முன்னால் வில்லன் நீளமாக ஏதோ பேசினார். உதடு அசைந்தது தெரியும். அரங்கமே கைதட்டியதால் நல்ல வசனமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒளிப்பதிவு பிரமாதம் என்று எழுதி வைக்கிறேன், யாராவது கேட்டால் சொல்வதற்கு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா "படம் எப்படி?" என்றார். "காது அடைச்சுப் போச்சுப்பா" என்றேன். அவருக்குப் படு சந்தோஷம். "வா வா, நம்ம கட்சிக்கு வா."

மார்ச் 4, செவ்வாய்

அப்பாவின் கட்சியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்குக் காது மந்தமாகி நாலைந்து வருடம் ஆகிறது. காது மிஷின் இருக்கிறது. பெரும்பாலும் அது டப்பாவுக்குள் இருக்கிறது. கேட்பது குறைந்ததிலிருந்து முகத்தை வைத்துத்தான் கதையைப் பிடிக்கிறார். திரையில் புதிதாக ஒரு முகம் வந்தால் போதும், "இவன் யாரும்மா?" நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு வசனம் ஓடியிருக்கும். "இப்ப என்ன சொன்னான்?" எனக்கு எப்படித் தெரியும், நான் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனே! ரிமோட்டை எடுத்துப் பத்து விநாடி பின்னால் போவோம். அதே முகம் மறுபடி வரும். அவர் மறுபடி கேட்பார்.

இன்று 'மெய்யழகன்'. தியேட்டரில் வந்தபோதே பார்த்துவிட்டேன், இது அப்பாவுக்காக. முதல் அரை மணி நேரம் வழக்கம்போலத்தான் போனது. பிறகு கார்த்தி வந்தார். "இவன் யாரும்மா?" "தெரியலப்பா." "நீ பாத்த படம்தானே?" "அரவிந்த் சாமிக்கே தெரியலப்பா. அதான் கதை." அப்பா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அத்தான் அத்தான் என்று உயிரை விடுகிற ஒருவன்; அவன் பெயர் இவருக்கு ஞாபகம் இல்லை, கேட்கவும் கூச்சம். இத்தனை வருடமாக அப்பா எங்களிடம் கேட்டு வந்த கேள்வியை ஒரு கதாநாயகனே படம் முழுக்க மனசுக்குள் கேட்டுக்கொண்டு திரிகிறான். அதற்கப்புறம் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. சக நோயாளியைப் பார்ப்பது போல அரவிந்த் சாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தங்கைக்குக் கொண்டுவந்த நகையை மேடையிலேயே போட்டுவிடுகிற காட்சியில் பேச்சு குறைவு, முகம்தான் எல்லாம். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

2024இல் வெளியான சில நாளிலேயே நீளம் என்று சொல்லிப் பதினெட்டு நிமிடம் போல வெட்டினார்கள். எனக்கென்னவோ ராத்திரிப் பேச்சு இன்னும் பத்து நிமிடம் போயிருந்தாலும் சரிதான். பாடம் எடுக்கிற இடங்கள்தான் பாரம். சைக்கிள் கதை வருகிற இடத்தில் ஒரு விநாடியில் கை வைத்திருந்தாலும் நான் மன்னித்திருக்க மாட்டேன்.

மார்ச் 8, சனி

'அந்த நாள்'. 1954. அப்பாவும் படமும் கிட்டத்தட்ட ஒரே வயது. அவர்தான் கேட்டார், யூடியூபில் தேடி டிவியில் போட்டோம்.

பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை வித்வான். சங்கீதமே உயிராக இருந்த மனிதர், தமிழில் பாட்டே இல்லாமல் ஒரு படம் எடுக்கலாம் என்று முதலில் துணிந்திருக்கிறார். எனக்கு இது மிகவும் பிடித்த முரண். படம் ஆரம்பிக்கிறது, துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி செத்து விழுகிறார். 'பராசக்தி' வந்து இரண்டே வருடம். மக்கள் அவர் வசனத்துக்காகவே அலைமோதிய காலம். அவரைப் பிணமாகக் கிடத்திவிட்டுக் கதையைத் தொடங்க எவ்வளவு தைரியம் வேண்டும்! யார் சுட்டார்கள் என்று வீட்டார், பக்கத்து வீட்டுக்காரர் என ஒவ்வொருவரும் தங்கள் கோணத்தில் சொல்லச் சொல்ல, நாமும் ஒவ்வொருவரையாகச் சந்தேகிக்கிறோம். ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமான்' நாலு வருடம் முன்னால் வந்துவிட்டது, அதன் சாயல் இருக்கிறது. ஆனால் பாலசந்தரின் சேட்டைகள் அவருடையவை. நிழலைக் கண்டபடி விளையாட விட்டிருக்கிறார். பண்டரிபாய் வருகிற கடைசிப் பகுதியைப் பற்றி வாயைத் திறக்க மாட்டேன். எழுபது வருடமானாலும் சஸ்பென்ஸ் சஸ்பென்ஸ்தான்.

எழுத வந்தது வேறு. அப்பா மிஷின் போடவில்லை. வால்யூம் வழக்கமான அளவுதான். ஆனால் "என்ன சொன்னான்?" மொத்தமே மூன்று தடவை. முதலில் ஏற்கெனவே பார்த்த படம் என்பதால் என்று நினைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து நிற்கிறது. நாடக மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கப் பழகிய தொண்டைகள். ஜாவர் சீதாராமன் சிஐடியாக வந்து விசாரிக்கிறாரே, அவரே எழுதிய வசனத்தில் ஒரு ட், ஒரு ற் கூடத் தேயவில்லை.

காது பரிசோதித்த பெண் அப்போதே சொல்லியிருந்தார்: வயதாகும்போது முதலில் போவது உச்ச ஸ்தாயி. அ, ஆ, ஓ எல்லாம் கனமான ஓசை, தங்கிவிடும். ச, த, க, ஸ மாதிரியானவை மெலிந்த கீச்சு ஓசை, அவைதான் நழுவும். அதனால் சத்தம் கேட்கும், சொல் புரியாது. கத்திப் பேசினாலும் பெரிய பலன் இல்லை. அப்பா அன்றைக்கே அதைத் தன் பாணியில் சுருக்கிவிட்டார்: "உயிரெழுத்து இருக்கு, மெய்யெழுத்து போச்சு." வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் இதைச் சொல்லிப் பாராட்டு வாங்கியிருக்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

இன்று படம் இல்லை, ரிமோட் யுத்தம். ஆள் பேசினால் வால்யூம் 40, குண்டு வெடித்தால் 15, மறுபடி 40. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறது.

தம்பி வந்து விளக்கினான். சினிமாவுக்கு ஒலி கலக்கிறவர்கள் தியேட்டரை மனதில் வைத்துக் கலக்கிறார்கள். 5.1 என்றால் ஐந்து பக்கத்து ஸ்பீக்கரும் உறுமலுக்கு ஒன்றும். பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். அது திரைக்குப் பின்னால் இருக்கும். திரை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பொடித் துளைகள், சத்தம் அதன் வழியாக வருவதால்தான் நடிகர் வாயிலிருந்தே வருகிற மாதிரி இருக்கிறது. இத்தனை வருடமாகத் தியேட்டருக்குப் போகிறேன், திரை சல்லடை என்று எனக்குத் தெரியாது! வீட்டு டிவியில் அந்த ஆறையும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு சின்ன ஸ்பீக்கரில் திணிக்கிறார்கள். நெரிசலில் மிதிபடுவது பேச்சு.

ஆடியோ மெனுவில் 5.1ஐ விட்டுவிட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்தான். டிவி அமைப்பில் பேச்சைத் தூக்கிக் கொடுக்கிற ஒன்று இருந்தது, அதையும் போட்டான். இப்போது 28இல் வைத்தால் நகர வேண்டியதில்லை. இவ்வளவுதானாம். இரண்டு வருடமாகக் கட்டைவிரல் தேய்ந்தது எனக்கு.

மார்ச் 15, சனி

'இன்டர்ஸ்டெல்லர்' மறுபடி பெரிய திரையில். தம்பி அப்பாவையும் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான். ஆங்கிலம், அதுவும் சப்டைட்டில் இல்லாத காட்சி. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "எப்படியும் எனக்குப் புரியாது, தமிழா இருந்தா என்ன, இங்கிலீஷா இருந்தா என்ன" என்றார். இதற்குப் பதில் கிடையாது.

ஹான்ஸ் ஜிம்மரின் ஆர்கன் இசை நாற்காலிக்கு அடியில் இருந்து ஏறுகிறது. பிரம்மாண்டம், சந்தேகமே இல்லை. ஆனால் மைக்கேல் கெய்ன் சாகும் தறுவாயில் ஒரு முக்கியமான ரகசியத்தைச் சொல்கிறார். 2014இல் பார்த்தபோதும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை. தம்பி பக்கம் சாய்ந்து "என்னடா சொல்றாரு?" என்றேன். அவன் தோளைக் குலுக்கினான். இருட்டில் அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தது தெரிந்தது. வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இயக்குநர் நோலன் ஒரே இரவில் முந்நூறு பேரை அப்பாவின் கட்சியில் சேர்த்துவிட்டார்.

விண்கலம் வெடிக்கிற காட்சி வேறு ரகம். உள்ளே இருந்த இரைச்சல் சட்டென்று அறுபட்டு, வெளியே ஒரு பொட்டுச் சத்தம் இல்லாமல் துண்டுகள் பறக்கின்றன. வெற்றிடத்தில் ஓசை இல்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படித்ததற்கும் முந்நூறு பேரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

அலை கிரகத்தில் சில மணி நேரம் தாமதமாகிவிடுகிறது, திரும்பி வந்தால் பூமியில் இருபத்துமூன்று வருடம் போயிருக்கிறது. பிள்ளைகள் அனுப்பிய வீடியோக்களைக் கதாநாயகன் கூப்பர் உட்கார்ந்து பார்க்கிறான். பையன் வளர்கிறான், கல்யாணம் ஆகிறது, அவனுக்கே குழந்தை பிறக்கிறது. அப்பா என் கையைத் தட்டினார். கேள்வி வரப்போகிறது என்று காதை நீட்டினேன். "அவன் பிள்ளைங்கதானே?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான். விஞ்ஞானம் ஒரு வரி புரியாமல், கதையின் நடு நரம்பைச் சரியாகப் பிடித்துவிட்டார்.

ஐந்தாவது பரிமாணத்துப் புத்தக அலமாரி எனக்கு இன்றும் கொஞ்சம் ஜவ்வு.

மார்ச் 18, செவ்வாய்

'கொட்டுக்காளி'. தியேட்டரில் தவறவிட்டதற்கு வருத்தப்படுகிறேன். பி.எஸ். வினோத்ராஜ் பின்னணி இசையே வைக்கவில்லை. முதல் கால் மணி நேரம் டிவியில் ஏதோ கோளாறு என்றுகூடத் தோன்றும். பிறகு ஆட்டோவின் இரைச்சல், பறவைகள், ஆள் நடக்கிற ஓசை எல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. 2ஆம் தேதி பார்த்த படத்தில் தொலைந்தது அத்தனையும் இங்கே வந்து சேர்ந்தது போல.

அன்னா பென் வாய் திறப்பதே அபூர்வம். அவளைச் சுற்றி ஒரு குடும்பமே விடாமல் பேசுகிறது. அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று சாமியாரிடம் கூட்டிப்போகிறார்கள். சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரவென்று அதட்டுகிறார். குரல் உடைந்தவன் அதட்டுகிறான், குரல் இருப்பவள் பேச மறுக்கிறாள். வழியில் கேட்கிற ஒரு சினிமாப் பாட்டை அவள் தன்னையறியாமல் முணுமுணுக்கிறாள். அந்த முணுமுணுப்புக்காக விழுகிற அடி இருக்கிறதே! பின்னணி இசை இருந்திருந்தால் எங்கே அதிர வேண்டும் என்று அது நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும். இங்கே யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குக் கொஞ்ச நேரம் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முடிவை நம் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார். எனக்குச் சம்மதம். அப்பாவுக்குச் சம்மதமில்லை. "மிச்சத்த எப்பப் போடுவான்?"

மார்ச் 22, சனி

இரவு எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு 'சவுண்ட் ஆஃப் மெட்டல்'. சிறந்த ஒலிக்கு ஆஸ்கர் வாங்கியது. எத்தனையோ நாளாகப் பட்டியலில் கிடந்தது. ஏன் தள்ளிப்போட்டேன் என்று இப்போது புரிகிறது.

ரிஸ் அகமது டிரம்ஸ் வாசிக்கிறவன். ஒருநாள் திடீரென்று காது போகிறது. படம் நம்மை அவன் தலைக்கு வெளியேயும் உள்ளேயும் மாறி மாறி நிறுத்துகிறது. வெளியே காபி இறங்குகிற ஓசை துல்லியமாகக் கேட்கும். உள்ளே போனால் தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்கிற முனகல். மருந்துக் கடைக்காரர் பேசுகிறார், எனக்கும் ஒரு சொல் புரியவில்லை. நான் அனிச்சையாக வால்யூமைக் கூட்டினேன். முனகல்தான் பெரிதானது.

அங்கேயே நிறுத்திவிட்டேன். அப்பாவிடம் எத்தனை தடவை அதே வாக்கியத்தை அதைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொல்லியிருப்பேன்.

முடிவைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த தேதிக்குத் தாவிவிடுங்கள். இருப்பதையெல்லாம் விற்று அறுவை சிகிச்சை செய்து தலைக்குள் கருவி பொருத்திக்கொள்கிறான். அதை இயக்கும் நாள். பழைய உலகம் திரும்பி வரும் என்று அவனும் நம்புகிறான், நானும் நம்பினேன். வந்தது தகரத்தைக் கீறுகிற ஓசை. எல்லாக் குரலும் தகரம். அவன் நேசித்த பெண் தன் தந்தையோடு பாடுகிறாள். அறையில் இருப்பவர்களுக்கு அது பாட்டு, அவனுக்கு ஓட்டை ரேடியோ. கடைசியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, மணியோசை மண்டைக்குள் உலோகமாக இடிக்க இடிக்க, காதில் இருப்பதைக் கழற்றிவிடுகிறான். என் ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. மரம், வெளிச்சம், அவன் முகம். ஒலிக்கு விருது வாங்கிய படம் ஓசையே இல்லாமல் முடிகிறது.

அப்பாவின் மிஷின் அந்த ரகம் இல்லை, அது வெறுமனே காதில் மாட்டுவது. இருந்தாலும் தூக்கம் வரவில்லை. டப்பாவிலேயே கிடக்கிறதே என்று நான் அவரை நச்சரித்ததெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

மார்ச் 23, ஞாயிறு

காலையில் கேட்டேவிட்டேன். எழுதிக் காட்டவில்லை, கத்தவில்லை, எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்து மெதுவாக. "மிஷின் போட்டா எப்படிப்பா இருக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். "நீ பேசறது நல்லாக் கேக்கும். ஆனா அம்மா உள்ள தட்டு வெச்சா அது என் தலைக்குள்ள வெச்ச மாதிரி இருக்கும். ஃபேன், பேப்பர், என் சட்டை உரசறது, எல்லாம் ஒரே வரிசைல வந்து நிக்கும். எது வேணும், எது வேண்டாம்னு அதுக்குத் தெரியாது." அப்புறம் அவரே, "படத்துல அந்த மியூசிக்கு போடறானே, அப்பவே கழட்டிடுவேன்."

மிஷினை மறுபடி சரிபார்க்க அடுத்த வாரம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. இரைச்சலைக் குறைத்து வைக்க முடியுமாம்.

மாலை 'பேசும் படம்' போட்டேன். 1987, சிங்கீதம் சீனிவாசராவ். ஒரு வசனம் கிடையாது. அப்பா டப்பாவை எடுத்து, மிஷினைக் கழற்றி உள்ளே வைத்து, டப் என்று மூடினார். சாய்ந்து உட்கார்ந்த தோரணையைப் பார்க்க வேண்டும், ஜமீன்தார் மாதிரி.

இரண்டு மணி நேரமும் ஒரு கேள்வி வரவில்லை. மாறாக, அவர் சிரித்த பிறகுதான் நான் சிரித்தேன். சிலவற்றை அவர் முன்னாலேயே பிடித்துவிடுகிறார். டினு ஆனந்த் பனிக்கட்டியில் கத்தி செய்து கொல்லத் திரிகிறாரே, அவர் பதுங்கிக் காத்திருக்கிற நேரத்தில் நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "கத்தி சொட்டுது பாரு!" என்றார் அப்பா. குத்துவதற்குள் ஆயுதம் கரைந்துகொண்டிருக்கிறது. வருடக்கணக்காக முகத்தையும் கையையும் படித்துப் பழகிய கண். எனக்குக் காது நன்றாக இருப்பதால் பாதிப் படத்தை நான் பார்ப்பதே இல்லையோ என்னவோ.

கமல் திடீர்ப் பணக்காரனாகப் பெரிய ஓட்டலில் படுத்திருக்கிறார், தூக்கம் வரவில்லை. அவ்வளவு அமைதி பழக்கமில்லை. தன் பழைய அறைக்குப் பக்கத்துச் சினிமா கொட்டகையின் அடிதடிச் சத்தத்தை டேப்பில் பதிந்து வந்து, அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எல்.வைத்தியநாதனின் இசை அவர் காதுக்கு எவ்வளவு போயிருக்கும் என்று தெரியவில்லை. குறையாகத் தோன்றியதாகவும் தெரியவில்லை.

படம் முடிந்து விளக்கைப் போட்டேன். மிஷினை மாட்டிக்கொண்டே கேட்டார், "அந்தக் குடிகாரப் பணக்காரன் யாரும்மா?"

நம்பவே முடியவில்லை. இதுதான் முதல் கேள்வி, அதுவும் படம் முடிந்த பிறகு. எனக்குத் தெரியாது, போனை எடுத்துத் தேடினேன். நெட் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இரு இரு" என்றார். நெற்றியைத் தேய்த்தார். "தூர்தர்ஷன்ல 'நுக்கட்'னு இந்தி சீரியல் போட்டானே, எண்பத்தாறுல. அதுலயும் குடிச்சிட்டேதான் வருவான். கோப்டி!"

போனில் பெயர் வந்தது. சமீர் கக்கர், 'நுக்கட்' தொடரில் கோப்டியாக வந்தவர். படித்துக் காட்டினேன்.

"அது சரி, நான்தான் சொல்லிட்டேனே" என்று எழுந்து போய்விட்டார்.